முதலிடமும் முதற்படைப்பும்

தோற்றுவாய்

ஒரு படைப்பு எத்தனை பேரிடம் விலைபோயிற்று என்பது ஒரு வினா. அப்படைப்பு எத்தகையது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு வணிகர் விடை கூறுவர். பின்னதற்குத் திறனாய்வாளரே விடை கூறவேண்டும். இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் கலந்து, விற்பனைக் கணக்கையே தரத்தின் சான்றாக நீட்டும் வழக்கம் நூலுலகில் மட்டுமன்றி இசையுலகிலும் வேரூன்றிவிட்டது. அவ்வழக்கம் எத்துணைத் தீங்கானது என்பதற்கு 2011ஆம் ஆண்டின் ஆகஸ்டுத் திங்களில் இலண்டனில் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பு தக்க சான்றாக நிற்கின்றது.

'நீரோ' என்பது அத்தொகுப்பைப் படைத்த இரட்டையரின் பெயர். டேனியல் ஸ்டீபன்ஸ், ஜோ ரே என்னும் இருவரே அவ்விரட்டையர். அவர்தம் முதற்படைப்பின் பெயர் 'வெல்கம் ரியாலிட்டி'. மெய்ம்மையை வரவேற்பது என்னும் கருத்துடையது அத்தலைப்பு. வெளிவந்தவுடனேயே அது பிரித்தானியத் தொகுப்புத் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. அதிலுள்ள 'ப்ராமிசஸ்' என்னும் பாடலோ, அதே திங்களில் தனிப்பாடல் வரிசையிலும் முதலிடம் பெற்றது. 'டப்ஸ்டெப்' எனப்படும் மின்னணு இசை வெற்றிக்கொடி நாட்டிவிட்டது என்று பலர் அன்று ஆர்ப்பரித்தனர்.

வென்றது எது என்பதே இங்கு எழும் கேள்வி. முதலிடத்தைப் பிடித்தது அவ்விசையா, அன்றி அதன் மேற்போர்வை மட்டுந்தானா? இதற்கு விடை காண வேண்டுமாயின், அவ்விசை பிறந்த மண்ணை முதலில் அறிதல் வேண்டும்.

பிறந்த மண்

டப்ஸ்டெப் அரண்மனைகளிலோ இசைக்கல்லூரிகளிலோ பிறந்ததன்று. தென்இலண்டனைச் சேர்ந்த குரோய்டன் என்னும் புறநகரில், சர்ரே தெருச் சந்தையை ஒட்டி, 'பிக் ஆப்பிள்' என்றோர் இசைத்தட்டுக் கடை இருந்தது. அக்கடையைச் சுற்றி வந்த பதின்வயது இளைஞர் சிலர் தம் வீட்டு அறைகளில், எளிய கணினிகளைக் கொண்டு, புதுவகை ஒலியொன்றை உருவாக்கினர். பின்னாளில் 'ஸ்க்ரீம்', 'பெங்கா' என்னும் பெயர்களால் அறியப்பட்டோர் அவர்களுள் இருவர். 2001ஆம் ஆண்டு தொடங்கிய 'ஃபார்வர்ட்' என்னும் இரவு நிகழ்ச்சி அவர்களுக்கு மேடையாயிற்று. அந்நாளில் உரிமமின்றி இயங்கிய 'ரின்ஸ் எஃப்எம்' வானொலி அவர்களுக்குக் குரலாயிற்று. அவ்வானொலிக்கு 2010ஆம் ஆண்டில்தான் முறையான உரிமம் கிட்டியது. 2005ஆம் ஆண்டில் பிரிக்ஸ்டன் வட்டாரத்தில் 'டிஎம்இசட்' என்னும் நிகழ்ச்சியும் தொடங்கியது.

இதன் வேர் இன்னும் ஆழமானது. 1948ஆம் ஆண்டில் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் கரீபியத் தீவுகளின் மக்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்தை அடைந்தது. அதற்குப் பின் வந்து குடியேறிய யமேக்க மக்கள் தம்மோடு தம் இசையையும் கொணர்ந்தனர். நிறவேற்றுமையால் கேளிக்கை மன்றங்களின் கதவுகள் அடைக்கப்பட்டபோது, அவர்கள் வீட்டு நிலவறைகளிலும் பொதுக்கூடங்களிலும் பேரொலிப் பெட்டிகளை அடுக்கித் தமக்கெனத் தனி இசையரங்குகளை அமைத்துக்கொண்டனர்.

அவர்தம் தாயகமாகிய கிங்ஸ்டன் நகரில், 1970களில், 'கிங் டப்பி' என்னும் மின்கருவி பழுதுபார்ப்பாளர் பாடல்களிலிருந்து குரலை நீக்கி, முழவொலியையும் அடிநாதத்தையும் மட்டும் எஞ்சவிட்டு, இடையிடையே எதிரொலி சேர்த்து 'டப்' என்னும் கலையை வளர்த்தார். இருப்பதைக் குறைத்து, வெறுமையைப் பேசவைப்பது அக்கலை. டப்ஸ்டெப் தன் பெயரின் முற்பாதியை அங்கிருந்தே பெற்றது. ஆகவே, அவ்விசை ஒரு மக்கட்கூட்டத்தின் இடப்பெயர்ச்சியையும் ஒதுக்கப்பட்ட வாழ்வையும் தன்னுள் கொண்டது என்பதில் ஐயமில்லை.

மெலிவின் இலக்கணம்

தமிழிசை இலக்கணம் ஒலிநிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்துரைக்கும். அச்சொற்களைக் கொண்டு கூறினால், டப்ஸ்டெப்பின் உயிர் மெலிவில் உள்ளது. ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மனிதச் செவியின் கீழெல்லையாகிய 20 ஹெர்ட்ஸை நோக்கி இறங்கும் அடிநாதமே அதன் தலைவன். அவ்வொலியைச் செவி பாதி கேட்கும். மார்பும் வயிறும் மீதியைக் கேட்கும்.

அதன் தாளமும் குறிப்பிடத்தக்கது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 அடிகள் என்பது அதன் கதி. ஆயினும், அழுத்தமான முழவடி ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் மூன்றாம் இடத்தில் மட்டுமே விழுவதால், கேட்போருக்கு அது 70 அடிகளைப் போல் மெதுவாகத் தோன்றும். விரைவும் தாமதமும் ஒரே வேளையில் நிலவும் இந்நிலையில், அடிகளுக்கிடையே பெரும் வெளி பிறக்கின்றது. அவ்வெளியில் நிலவும் அமைதியே அவ்விசையின் பொருளாழம்.

இவ்விலக்கணம் எங்ஙனம் சிதைந்தது? காரணம் எளியது. சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியும் மேசைமேல் வைக்கும் சிறு ஒலிபெருக்கியும் மெலிவொலியை எழுப்ப வல்லன அல்ல. ஆகவே, சிறு கருவிகளிலும் வானொலியிலும் எடுபட வேண்டும் என்று விரும்பியோர், அடிநாதத்தைச் சமன் நிலைக்கு உயர்த்தி, அதனைக் கரகரப்பாக்கி, அலைவடிப்பியால் ஆட்டி உறுமவிட்டனர். கேட்டவுடன் திடுக்கிட வைக்கும் அவ்வுறுமலே டப்ஸ்டெப் என்று உலகம் எண்ணத் தலைப்பட்டது. உடலால் உணரவேண்டிய ஒன்று காதைக் குத்தும் ஒன்றாக மாறிற்று. இம்மாற்றத்தின் உச்சியில் நின்று முடிசூடிக்கொண்டதே 'வெல்கம் ரியாலிட்டி'.

தொகுப்பின் குறைகள்

முதற்குறை, வாக்குறுதிக்கும் வழங்கலுக்கும் உள்ள இடைவெளி. இத்தொகுப்பு '2808' என்னும் பகுதியுடன் தொடங்குகின்றது. 2808ஆம் ஆண்டின் அழிவுற்ற உலகைச் சித்திரிப்பதாகவே இது அறிமுகம் செய்யப்பட்டது. கேட்போரும் எண்ணூறு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒலியை எதிர்நோக்கி அமர்கின்றனர். கிடைப்பதோ 1980களின் பழஞ்சரக்கு! 'க்ரஷ் ஆன் யூ' என்னும் பாடல், அமெரிக்கக் குடும்பக் குழுவாகிய 'தி ஜெட்ஸ்' 1980களில் பாடிய பாடலின் மீது எழுப்பப்பட்டது. 'மஸ்ட் பி தி ஃபீலிங்' என்பதும் அதே பத்தாண்டின் நடன இசைத்தட்டு ஒன்றையே நாடிச் செல்கின்றது. 'ரீச்சிங் அவுட்' என்பதில் ஒலிக்கும் டேரில் ஹால், அப்பத்தாண்டில் புகழின் உச்சியில் நின்ற பாடகர். மின்னிசைப் பலகையின் ஒளிர்வான ஒலிகளோ, 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' திரைப்படத்தின் பின்னணியிசையையே நினைவூட்டுகின்றன. எதிர்காலம் என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையினுள் கடந்தகாலமே அடுக்கி வைக்கப்பட்டுள்ளது.

இரண்டாங்குறை, அமைப்பின் வறுமை. மென்குரலில் ஒரு பெண் பாடுவாள். பின்னணியில் ஒலி படிப்படியாக உயரும். முழவு விரைந்து உருளும். ஒரு நொடி எல்லாம் அடங்கும். உடனே உறுமல் பாயும். மீண்டும் மென்குரல், மீண்டும் ஏற்றம், மீண்டும் பாய்ச்சல். முதன்முறை கேட்கும்போது வியப்பூட்டும் இவ்வுத்தி, ஐந்தாம் முறை எதிர்பார்த்ததாகிவிடுகின்றது. பத்தாம் முறை சலிப்பூட்டுகின்றது. அலானா வாட்சனின் குரல் இனிமையும் ஏக்கமும் உடையது. ஆனால், அக்குரலுக்குச் சொல்வதற்கென்று இங்குக் கொடுக்கப்பட்டதோ சிறிதே. திரும்பத் திரும்ப வரும் சில சொற்களைச் சுமந்துகொண்டு, அடுத்த பாய்ச்சலுக்கு மணியடிக்கும் ஏவலாளாக அது நிறுத்தப்பட்டுள்ளது. நல்லதொரு குரலை வீணடிப்பது சிறு குற்றமன்று.

மூன்றாங்குறை, தொகுப்பு என்னும் பெயருக்கேற்ற ஒருமை இன்மை. 'இன்னசென்ஸ்', 'மீ அண்ட் யூ', 'கில்ட்', 'ப்ராமிசஸ்' ஆகிய நான்கும் தொகுப்பு வெளிவருமுன்பே தனிப்பாடல்களாக வெளிவந்து பெயர்பெற்றவை. அவற்றின் இடையிடையே சிறு இணைப்புகளை வைத்து, மேலே 2808 என்னும் கதையைப் போர்த்தியுள்ளனர். முத்துகளைக் கோப்பதற்கு நூல் வேண்டும். இங்கு நூலின் பெயர் மட்டுமே உள்ளது. கதை எங்குத் தொடங்குகின்றது, எவரைப் பற்றியது, எங்கு முடிகின்றது என்பவற்றுள் ஒன்றையேனும் இசையைக் கேட்டு மட்டும் எவராலும் கூறவியலாது.

நான்காங்குறையே எல்லாவற்றிலும் பெரியது. அது வெளியின்மை. அமைதியை அணியாகக் கொண்ட ஒரு கலையில், அமைதிக்கே இடமில்லாதவாறு ஒவ்வொரு மூலையும் ஒலியால் நிரப்பப்பட்டுள்ளது. டப் என்பது குறைத்தலின் கலை. இங்கு நிகழ்ந்திருப்பது அடைத்தல். தந்தையின் பெயரைச் சூடிக்கொண்ட மகன், தந்தை காத்த அறத்தை மட்டும் கைவிட்டதைப் போன்றது இது.

மெய்ம்மை எங்கே?

இத்தொகுப்பின் தலைப்பு மெய்ம்மையை வரவேற்கின்றது. ஆனால், அது வெளிவந்த நாள்களில் மெய்ம்மை எவ்வாறு இருந்தது? 2011 ஆகஸ்டு 6ஆம் நாள் இலண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் கலவரம் மூண்டது. அது நகரெங்கும் பரவியது. 8ஆம் நாள் இரவு, டப்ஸ்டெப்பின் பிறப்பிடமாகிய குரோய்டனில், 1867ஆம் ஆண்டு முதல் நிலைத்திருந்த 'ரீவ்ஸ்' அறைகலன் கடை தீக்கிரையாயிற்று. கொழுந்துவிட்டெரிந்த அக்கட்டடத்தின் படத்தை உலகமே கண்டது. அதற்குச் சில நாள்களுக்குள்ளாகத்தான், எண்ணூறு ஆண்டுகளுக்கு அப்பால் எரியும் கற்பனை நகரைப் பாடுவதாகச் சொல்லிக்கொண்ட தொகுப்பு கடைகளில் அடுக்கப்பட்டது.

கலவரத்தை முன்னறிந்து பாடவில்லை என்று இரட்டையர் மீது குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. தொகுப்பு அதற்கு முன்பே முடிவுற்றது. மேலும், கலைஞன் செய்தியாளனும் அல்லன். ஆயினும், அத்தெருக்களின் இருளையும் அச்சத்தையும் காத்திருத்தலையும் அடிநாதத்தின் வழியே பல ஆண்டுகளாகப் பேசிவந்ததே அவ்விசை. அதன் பெயரால் முதலிடம் பெற்ற படைப்பில் அத்தெருக்களின் சுவடே இல்லை. மெய்ம்மை என்று தலைப்பிட்டுவிட்டு மெய்ம்மைக்கு முதுகு காட்டுவதை எங்ஙனம் பாராட்டுவது?

மறுப்பும் மறுமொழியும்

இக்கருத்தை மறுப்போர் மூன்று வாதங்களை முன்வைப்பர். அவற்றைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

'நடன இசையில் ஆழம் தேடலாமா? ஆடுவதற்கான இசையை ஆட்டத்தைக் கொண்டே அளக்க வேண்டும்' என்பது முதல் வாதம். இது அவ்விசையை உயர்த்துவதுபோல் தோன்றினும், உண்மையில் அதனை இழிவுபடுத்துகின்றது. இவ்விசைக்கு இவ்வளவுதான் இயலும் என்று எல்லை கட்டுவது அன்பாகாது. மேலும், ஆட்டமே அளவுகோல் எனின் தொகுப்பு எதற்கு? கதை எதற்கு? 2808 எதற்கு? பெரிய கதையொன்றைச் சொல்வதாகத் தொகுப்பே முன்வந்தபின், அவ்வளவுகோலால் அதனை அளப்பதே முறை. அதே 2011ஆம் ஆண்டில் பிபிசி பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் இணைந்து டப்ஸ்டெப் சிம்பொனி என்றொரு பெருநிகழ்ச்சியையும் இவ்விரட்டையர் நிகழ்த்தினர். பெருமையை விரும்பி ஏற்போர் பெருமைக்குரிய சோதனையையும் ஏற்றல் வேண்டும்.

'புதிய இசைவகையில் முழுநீளத் தொகுப்பு அமைவது அரிது. முதல் முயற்சியில் குறை பொறுக்கத்தக்கது' என்பது இரண்டாம் வாதம். வரலாறு இதனை ஏற்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 2006இல், 'கோட்நைன்' என்னும் இசைஞரும் 'ஸ்பேசேப்' என்னும் கவிஞரும் இணைந்து 'மெமரீஸ் ஆஃப் தி ஃபியூச்சர்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அவர்களும் இரட்டையரே, அதுவும் முதற்படைப்பே, எதிர்காலமே அதற்கும் பொருள். ஆனால், அங்கு எதிர்காலம் அச்சமாகவும் நோயாகவும் கண்காணிப்பாகவும் நிகழ்காலத்தினுள்ளேயே புகுந்து நிற்கின்றது. ஸ்பேசேப்பின் தாழ்ந்த குரல் பாடுவதில்லை. எச்சரிப்பது போல் பேசுகின்றது. இசை அக்குரலைச் சுற்றி வெளியை விரிக்கின்றது. கேட்போர் தாமே தம் அச்சத்தால் அவ்வெளியை நிரப்பிக்கொள்கின்றனர். அத்தொகுப்பு தரவரிசையின் உச்சியை எட்டவில்லை. எனினும், இன்று கேட்டாலும் அதில் புதுமை குன்றவில்லை. 2014இல் ஸ்பேசேப் மறைந்தபின், அக்குரல் மேலும் கனம் பெற்றுவிட்டது எனலாம்.

'பழைய பாடல்களைக் கையாள்வது இவ்விசையின் மரபுதானே? அதனைக் குறைகூறலாமா?' என்றும் சிலர் வினவக்கூடும். கையாள்வது குற்றமன்று, கையாண்டு என்ன செய்தனர் என்பதே கேள்வி. 'பரியல்' என்னும் இசைஞர் 2007இல் வெளியிட்ட 'அன்ட்ரூ' என்னும் தொகுப்பும் பிறருடைய பாடற்குரல்களை வெட்டி எடுத்தே உருவானது. ஆனால், அவர் அக்குரல்களின் சுருதியைத் திரித்து, ஆணோ பெண்ணோ என அறியவொண்ணாதவாறு ஆக்கி, இசைத்தட்டின் கரகரப்பும் மழையொலியும் கலந்து, நள்ளிரவில் தனியே வீடு திரும்பும் ஒருவனின் உள்ளத்தையே ஒலியாக்கினார். 2008இல் மெர்க்குரிப் பரிசுக்கான தேர்வுப்பட்டியலில் அது இடம்பெற்றது. கடன்பெற்ற பொருளைத் தம் உழைப்பால் தமதாக்கிக்கொண்டோர்க்கும், கடன்பெற்ற பொருளைப் பளபளப்பாக்கித் திரும்பவும் விற்போர்க்கும் வேறுபாடு உண்டு.

மூன்றாம் வாதமே மிகுதியும் கேட்கப்படுவது. 'மக்கள் ஏற்றுக்கொண்டனர், பரிசும் கிடைத்தது, இனிக் குறைகூறுவது பொறாமை' என்பர். மக்களின் சுவையைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. களைத்த இளைஞர் ஓரிரவு ஆடி மகிழ இத்தொகுப்பு உதவியிருப்பின், அது நன்றே. பரிசைப் பற்றிய செய்தியையோ சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2013இல் வழங்கப்பட்ட கிராமி விருது இத்தொகுப்பிற்குக் கிடைத்ததன்று. 'ப்ராமிசஸ்' பாடலை, அமெரிக்க இசைஞர் 'ஸ்க்ரில்லெக்ஸ்' நீரோவுடன் இணைந்து மறுவாக்கம் செய்தார். விருது அம்மறுவாக்கத்திற்கே உரியது. சான்றாக நீட்டப்படும் தாள் எதைச் சான்றுரைக்கின்றது என்று படித்துப் பார்த்தல் நன்று.

உள்ளது உரைத்தல்

குறைகளை மட்டும் அடுக்கி நிறைகளை மறைப்பது திறனாய்வாகாது. 'இன்னசென்ஸ்' பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் இரக்கமான பண், கேட்போர் நெஞ்சைத் தொடத்தக்கது. 'ப்ராமிசஸ்' பாடலின் மெட்டு ஒருமுறை கேட்டால் மறவாதது. ஒலிகளைத் துலக்கமாகப் பொருத்தும் தொழில்திறனில் இவ்விரட்டையர் எவருக்கும் இளைத்தவரல்லர். ஏமாற்றத்தின் காரணமும் இதுவே. திறனற்றோர் எழுப்பிய குடிசை சரிந்தால் எவரும் வியப்பதில்லை. கைதேர்ந்த தச்சர் எழுப்பிய மாளிகையில் வாழ அறையில்லை என்னும்போதுதான் வருத்தம் பிறக்கின்றது.

முடிவுரை

இத்தொகுப்பால் விளைந்த கேடு ஒரு தொகுப்போடு முடியவில்லை. உலகின் பல மூலைகளிலுள்ள இளைஞர்க்கு டப்ஸ்டெப் என்னும் சொல்லே இத்தகைய படைப்புகளின் வழியாகத்தான் அறிமுகமாயிற்று. உறுமலே அதன் பொருள் என்று அவர்கள் கற்றனர். குரோய்டனின் கடையும், பிரிக்ஸ்டனின் இரவுகளும், கிங்ஸ்டனின் பட்டறையும் அவர்கள் காதுக்கு எட்டவேயில்லை. சில ஆண்டுகளுக்குள் வணிக அலை ஓய்ந்தது. முதலிடத்தைத் தேடியோர் வேறிடம் நாடினர். 'டப்ஸ்டெப் செத்துவிட்டது' என்று, அதனை ஒருபோதும் கேட்டிராதவர்களே இரங்கற்பா பாடினர். நகலைக் கண்டு சலித்தோர் மூலத்தை வெறுத்தனர். இதைவிடப் பெரிய அநீதி ஒரு கலைக்கு நேர முடியுமா?

ஆகவே, திறனாய்வாளர் தம் கடமையினின்றும் வழுவலாகாது. தரவரிசை என்பது ஒரு வாரத்தின் கணக்கு. ஒரு படைப்பின் தரத்தை அக்கணக்கால் அளத்தல் இயலாது. ஆசிரியர் ஒருவர் மாணவர்க்கு ஒரு கலையை அறிமுகம் செய்யுங்கால், அதன் புகழை முன்னிறுத்தாது, அதன் பிறப்பையும் இலக்கணத்தையும் முன்னிறுத்துதல் வேண்டும். மாணவரும், எல்லாரும் கைதட்டினர் என்பதற்காகக் கைதட்டாமல், செவியைத் தீட்டிக்கொண்டு, 'இது என்ன சொல்வதாக வந்தது? சொன்னது என்ன?' என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

அவ்விரு வினாக்களின் முன் 'வெல்கம் ரியாலிட்டி' நிற்கமாட்டாது வீழ்கின்றது. முதலிடம் பெற்றபோதும், முதற்படைப்பு என்னும் நிலையில் அது தோல்வியே கண்டது. அத்தோல்வியை மறைக்காமல் எடுத்துரைப்பதே, அதே பெயரில் அமைதியாகவும் ஆழமாகவும் பணியாற்றிய கலைஞர்க்குத் திறனாய்வு செலுத்தவேண்டிய கடன்.